உள்ளே விடும் துணி

மாலை வெயில் தையல் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரியின் தம்பி மனைவிக்கு, தன் மகளை நினைத்து இன்னும் திகைப்பு அடங்கவில்லை. "சைக்கிள் சாவியைத் தினம் தொலைக்கிறவ, அண்ணி! இவளுக்கு எப்படி அந்தக் காலேஜ்ல சீட்டு? லெட்டரைத் தப்பா அனுப்பிட்டாங்களோன்னு நானே போன் போட்டுக் கேட்டேன்." வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தும் அங்கே இடம் கிடைக்காத தையல்காரியின் மகன், பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். தையல்காரிக்கு வயிறு எரிகிறது. "எல்லாம் அவ ராசி" என்று சிரித்துவைக்கிறாள். தம்பி மகள், காலேஜுக்குத் தைக்கக் கொண்டுவந்த சுடிதார் துணியை மேலே வைத்துக் கண்ணாடிமுன் சுற்றிச் சுற்றி அழகு பார்த்துவிட்டு மேசைமேல் விரிக்கிறாள். "நாலு வருஷம் போடணும் அத்தை. அப்புறம் பிரிச்சுப் பெரிசாக்க உள்ளே துணி விடுங்க." "சொல்லணுமாடி? என் தம்பி பொண்ணுக்கு விடாம இருப்பேனா?" யாருக்கு வெட்டினாலும் சாக்குக்கட்டிக் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளிப் போகிற கத்தரி, இன்று கோட்டை ஒட்டியே கறக் கறக்கென்று போகிறது.