முன்வரிசைத் தூக்கம்

வேத வாசிப்புக்கு வந்து, அதுவும் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஞாயிறுதோறும் பகலில் நிரோஜா வீட்டில் பைபிள் வாசிப்பு. பக்கத்து வீட்டு இராக்கம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தானாக வருகிறாள். நிரோஜா புத்தகத்தைத் திறந்ததும் கண்ணை மூடிவிடுகிறாள்.

அன்று, புயலில் படகு தத்தளிக்க, இயேசு அசந்து தூங்கிய கதை.

"மனசால அந்தப் படகுல ஏறிப் பாருங்க," என்றாள் நிரோஜா. "மேல மலையில வெடிப்பு விட்டிருக்குன்னு லயமே பயந்து கெடக்கு. எவ்வளவு மழை பேஞ்சாலும் நான் அவர மாதிரியே தூங்குறேன். அதுதான் விசுவாசம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இராக்கம்மாவின் தலையும் ஆடியது, தூக்கத்தில்.

கூட்டம் கலைந்ததும் நிரோஜா அவளைத் தட்டி எழுப்பினாள். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடத்தான்.

"தூங்குறதுக்கா அக்கா இங்க வர்றீங்க?"

"ஆமா தங்கச்சி."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் எப்படித்தான் திட்டுவது?

"கதையாவது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. படகுல ஏறியும் பாத்தேன். அவர் தூங்குறாரு, சரி. மத்தவங்க முழிச்சுத்தானே இருந்தாங்க?"

"அவங்களத்தான் அக்கா இயேசு கண்டிச்சாரு, விசுவாசம் இல்லன்னு."

"கண்டிக்கட்டும். யாராச்சும் முழிச்சிருக்கணும்ல?"

எத்தனையோ தடவை வாசித்த கதை. விழித்திருந்தவர்களின் பக்கம் அவள் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"மலையில இருந்து வர்ற தண்ணிய நாம புடிக்கிற பீலி இருக்குல்ல," என்றாள் இராக்கம்மா. "அதுல தண்ணி கலங்கி வந்தா மலை சரியப்போகுதுன்னு, வெடிப்பப் பாக்க வந்த ஆபீசருங்க சொன்னாங்க. அதான் ராத்திரி மழை பேஞ்சா டோர்ச்ச எடுத்துக்கிட்டு அங்க போய் உக்காந்துக்குவேன். விடிஞ்சா நீங்கல்லாம் பெரட்டுல பேர் குடுத்து வேலைக்கு ஓடணும். நான்தான் வேலையில இருந்து நின்னாச்சே. பகல்ல வீட்டுல தனியா படுத்தாலும் தூக்கம் வரல. இங்க எல்லாரும் முழிச்சிருக்கீங்கன்னு கண்ணு தானா சொக்கிருது."

நிரோஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இல்லையாக்கா?"

"இல்லாமயா? ரொம்ப பயந்தா உன் வீட்டு ஜன்னல்கிட்ட வந்து நிப்பேன். நீ கொறட்ட விடுறது கேக்கும். அதக் கேட்டு மனசத் தேத்திக்கிட்டு, திரும்பப் பீலிக்குப் போவேன்."