சுப்பராயலு சொன்ன நியாயம்

ஆட்டோவிலிருந்து மகள் ஆர்த்தி பெரிய சூட்கேஸோடு இறங்கியதுமே சுப்பராயலுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர். எதிராளி வாயைத் திறப்பதற்குள் விலையைச் சொல்லி முடித்துவிடுவதுதான் அவருக்குப் பழக்கம்.

ஓடிப்போய் சூட்கேஸை வாங்கினார். கனமே இல்லை, வெறும் பெட்டி போல இருந்தது.

“ஒரு புடவைகூட எடுக்க வுடலையா அந்தப் பரதேசி? அடிச்சிட்டானா?”

“அப்பா, அது வந்து...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். லாரி வாங்குறேன்னு விழுப்புரத்து வூட்டக் கொண்டுபோயி பேங்க்ல அடமானம் வச்சான் பாரு, அன்னிக்கே எனக்குத் தெரியும்!”

இவரும்தான் குடோன் கட்ட இந்த வீட்டை பேங்கில் வைத்திருந்தார். ஆனால் அது வியாபாரம். மாப்பிள்ளை செய்தால் அயோக்கியத்தனம்.

சமையலறை வாசலில் மனைவி அம்சா நின்றிருந்தாள். இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தெருவில் சொல்லியிருந்தாள். மகளைக் கண்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. பெத்த மனசாச்சே என்று சுப்பராயலு நினைத்துக்கொண்டார்.

உடனே மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனுக்கு போன் போட்டார்.

“சொல்லுங்க மாமா, நல்லா இருக்...”

“டேய், பொம்பள மேல கை வக்கிறவன்லாம் ஆம்பளையாடா? வக்கீல வச்சி உன்ன நடுத்தெருவுல நிறுத்தலன்னா எம் பேரு சுப்பராயலு இல்ல!”

பதிலுக்குக் காத்திருக்காமல் கட் செய்தார். ஆர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன்ப்பா. விழுப்புரத்துக்கு வரச் சொன்னாங்க. நானும் அம்மாவும்...”

“நான் இல்லாம நீங்க போய் என்னா பேசுவீங்க? கெளம்புங்க, நானும் வர்றேன்.”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வாப்பா,” என்றாள் ஆர்த்தி கொஞ்சம் யோசித்து. “நீயே வந்து சொன்னா இன்னும் நல்லது.”

சாப்பிட்டுக் கிளம்பும்போது சூட்கேஸை அவர்தான் தூக்கினார். அம்மாடியோவ்! இப்போது தோள்பட்டையே இறங்கிவிடும் போலிருந்தது.

“ஏய் அம்சா, உன் புடவையெல்லாம் பொண்ணுக்கே வாரிக் குடுத்துட்டியா?”

அம்சா பதில் சொல்லவில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் பதில் சொல்லாததற்கே வீடு ரெண்டாகியிருக்கும். இன்று அவர் மனசு இளகியிருந்தது.

“குடு, குடு. ஆர்த்தி, வக்கீலப் பாத்துட்டு நேரா விழுப்புரம் வூட்லயே போய் உக்காரு. எவன் வெளிய போவச் சொல்றான்னு பாக்குறேன்.”

“அங்கதாம்ப்பா போறோம்.”

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மாப்பிள்ளையின் அட்டூழியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் அந்த மனிதரும் கோகுலகிருஷ்ணனை உதைக்கத் தயாராகிவிட்டார்.

“இவருதான் எங்கப்பா,” என்று ஆர்த்தி சொன்னதும் வக்கீல் அருணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நீங்களே கூட வந்திருக்கீங்க! இத்தனை கேஸ்ல நான் இப்படிப் பாத்ததே இல்லைங்க.”

“பின்ன? என்னை விட்டா யாரும்மா வருவா?” சுப்பராயலு மீசையைத் தடவிக்கொண்டார்.

“பத்திரம் கணவர் பேர்லதான் இருக்கு. வீடு அடமானத்துலயும் இருக்குன்னு ஆர்த்தி போன்ல சொன்னாங்க...”

“இருந்தா என்னா? பொண்டாட்டி நகைய வித்துத்தானே வூட்டுக்குக் கடக்காலே போட்டான்!”

அருணா தலையாட்டினார். “பத்திரம் யார் பேர்ல இருந்தாலும், பேங்க்ல கடன் இருந்தாலும், குடும்பம் நடத்தின வீட்டை விட்டு மனைவியைத் துரத்த முடியாது. அடிக்கிறவர்தான் வெளியே போகணும்னு கோர்ட்ல கேக்கலாம். தவணையையும் அவரே கட்டணும்னு கேக்கலாம்.”

“அப்படிப் போடுங்க! பொண்டாட்டி மேல கை வச்சவனுக்கு அந்த வூட்ல கால் வக்க ரைட்டு கெடையாது. லாட்ஜ்ல ரூம் எடுத்துக்கினு தவணை கட்டட்டும். எந்த ஜட்ஜு முன்னாடி வேணா வந்து சொல்றேன்.”

“இத்தனை வருஷமா ஏன் பொறுத்துக்கிட்டாங்கன்னு எதிர்த்தரப்புல கேப்பாங்களே?”

“பொறுத்துக்கினது அவ தப்பாம்மா? அடிச்சது அவன் தப்பு!” மேசை அதிரக் குத்தினார்.

அம்சா தலை நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவள் தன்னை இப்படி நேருக்கு நேர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. சுப்பராயலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அருணா பேனாவைத் திறந்தார். “சரி, அடிபட்டவங்களே அவங்க வாயால சொல்லட்டும். வீடு எங்க இருக்கு?”

“சொல்லும்மா, பயப்படாத. நான் இருக்கேன்ல?” என்று ஆர்த்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார் சுப்பராயலு.

ஆர்த்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். துணி கட்டிய கையால் சூட்கேஸைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள் அம்சா.

“திண்டிவனத்துலங்க. நானும் இவரும் இருக்குற வூடு.”