வில்லோ போத்து

"தலைகீழா நட்டிருக்கீங்க. மொட்டு கீழ பார்க்குது."

ரோஷினி கவினிடம் பேசிய முதல் பேச்சே இதுதான்.

டப்ளினுக்கு வெளியே ஓர் ஓடைக்கரை. சால்மன் குஞ்சுகளுக்கு நிழல் வேண்டுமென்று சனிக்கிழமை காலையில் ஊரே சேற்றில் இறங்கி வில்லோ மரப் போத்து நட்டுக்கொண்டிருந்தது. நம் முருங்கைப் போத்து மாதிரிதான். வெட்டிய கிளையைச் செருகினால் பிடித்துக்கொள்ளும்.

இவர்கள் இருவரும் வந்தது மீனுக்காக அல்ல.

பஜ்ஜி, சொஜ்ஜி வைத்துப் பெண் பார்க்க இருவருமே மறுத்துவிட்டதால், தற்செயலாகச் சந்திப்பதற்கு, வரன் பேசிய நான் பிடித்த இடம் இது. ஊரில் என்றால் கோயில் பிராகாரம்.

கவினின் அம்மா புஷ்பவல்லி அடுத்த வாரம் கோவைக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். குளிருக்குப் பயந்து அவரும் ரோஷினியின் அம்மாவும் வெகுநேரம் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கியபோது காதில் விழுந்ததெல்லாம் சண்டை.

பாதிகூட மண்ணுக்குள் போகவில்லை என்றாள் ரோஷினி. நீங்கள் சுத்தியல் பிடிப்பது கேரம் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றான் கவின். வெள்ளை ஷூவில் சேற்றுக்கு வந்தவரெல்லாம் பேசுகிறார் என்றாள்.

"இதும் போச்சுங்ணா!" புஷ்பவல்லி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாய வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டேங்கறானே!"

நான் பதறவில்லை. ஈரோட்டு ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். "பிரமாதம், அப்புறம் வர்றோம்" என்பவர் திரும்பி வரமாட்டார். நூல் பிரியுது, சாயம் போகும் என்று குற்றம் சொல்பவருக்குத்தான் அப்பா ஸ்டூல் எடுத்துப் போடுவார்.

மதியம் இருவரும் முழங்கால்வரை சேறோடு வந்து நின்றார்கள். முகத்தைச் சிரமப்பட்டு உம்மென்று வைத்திருந்தார்கள்.

"ஒரு ப்ராப்ளம் ஆன்ட்டி," ரோஷினியின் அம்மாவிடம் சொன்னான் கவின். "நட்டவங்கதான் வாரா வாரம் வந்து தண்ணி ஊத்தணுமாம். மூணு சம்மர்."

"ரெண்டு பேரும் சேர்ந்து வரணுமாம்மா," என்றாள் ரோஷினி. "அதான் ரூலாம்."

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெச்சா பாத்துத்தான ஆகோணும்," என்றார் புஷ்பவல்லி, அழுகையும் சிரிப்புமாக.

நான் குனிந்து என் ஷூவின் சேற்றைத் துடைக்கத் தொடங்கினேன்.

அம்மாக்கள் காருக்குள் இருந்த அந்தக் காலைவேளையில், முகாமை நடத்திய பெண்மணி எல்லோரையும் நிற்கவைத்து முதலில் சொன்னதே இதுதான்: கரையோர வில்லோ ஓடையிலிருந்து தானே குடித்துக்கொள்ளும், நட்டதோடு மறந்துவிடுங்கள், யாரும் திரும்பி வரவே வேண்டாம்.