உம் கொட்டும் மென்பொருள்

"இதுக்குப் பேரு டிசைனா?" என்றார் பேராசிரியர்.

திரையில் மூன்றே மூன்று கட்டங்கள். இதற்கு ஒரு பருவம் முழுக்க வேண்டுமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிரே நின்றவள் கடைசி பெஞ்சுக்காரி. இந்தத் தாளில் தேறினால்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை நிற்கும். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் கொடுத்த வேலை லேசானதுதான். வெளியே போ, யாராவது ஒருவரைப் பிடி, அவருக்கு என்ன கஷ்டம் என்று காது கொடுத்துக் கேள், அதற்கு ஒரு மென்பொருள் செய். யாரென்று மட்டும் வெளியே சொல்லாதே. மென்பொருள் வடிவமைப்பு என்றாலே கேட்பதுதான் என்று பல வருடமாகத் தொண்டை கிழியக் கத்தி வருகிறார். இந்த மரமண்டைகளுக்கு ஏறினால்தானே.

இவள் ஒரு குடும்பத்தலைவியைப் பிடித்திருக்கிறாள். அந்த அம்மாவின் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பித்துவிடுவாராம். ஊரில் ஒருத்தனுக்கும் மூளை கிடையாது, அதுதான் பேச்சு. பதிலெல்லாம் எதிர்பார்க்க மாட்டார். உம் கொட்டினால் போதும். கொட்டிக் கொட்டி அந்த அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

ஆகவே இவள் உம் கொட்ட ஒரு மென்பொருள் செய்துவிட்டாள். அந்த ஆள் மூச்சு வாங்க நிறுத்தினால் 'ம்'. குரலை உயர்த்தினால் 'அப்படியா'. கேள்வி கேட்டால் 'நீங்க சொன்னா சரிதான்'. எல்லாம் அந்த அம்மாவின் சொந்தக் குரலில்.

"போன மாசத்துலேருந்து அவங்க வீட்டுல ஓடுது சார். அவருக்கு இன்னும் தெரியல. போட்டுக் காட்டவா?"

"ஒண்ணும் வேணாம். பொண்டாட்டிக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள் உலகத்துல எவனும் இல்லம்மா. இல்லாத ஆளுக்கு டிசைன் பண்ணியிருக்க."

"பேரைச் சொன்னா நம்புவீங்களா சார்?"

"சொல்லு, அதுக்கும் சேர்த்து சைபர் போடறேன்."

அவள் வாயைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். மடிக்கணினியைப் பையில் திணிக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதற்குள் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவருடைய வீடு வளாகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. மதியச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருந்தது. கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு வந்தா பாரு."

"ம்," என்றது அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்.

கேலியும் கிண்டலுமாக முழுக் கதையையும் சொன்னார். இதையெல்லாம் பெற்றவர்களைச் சொல்லணும் என்று மேசையைத் தட்டினார்.

"அப்படியா."

பேசப் பேச அவருக்குப் பசி கூடியது. வெளியே எத்தனை மடையர்கள் இருந்தால் என்ன, வீட்டில் ஒருத்தியாவது காது கொடுத்துக் கேட்கிறாள் என்று நிறைவாக இருந்தது. அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் செல்போனில் மதிப்பெண் பட்டியலைத் திறந்தார். அந்தப் பெண்ணின் பதிவு எண்ணுக்கு நேரே 'ஃபெயில்' என்று போட்டார்.

"அனுப்பிடலாமில்ல?"

"நீங்க சொன்னா சரிதான்."

அனுப்பினார். ஏப்பம் விட்டார்.

வாசல் கதவு திறந்தது. ஈரக் குடையை மடக்கிக்கொண்டே மனைவி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றினாள்.

அவர் கையில் எடுத்த சாப்பாடு அப்படியே நின்றது.

"நீ எங்கேருந்து வர்ற?"

அவள் குடையை மூலையில் சாய்த்து வைத்தாள்.

"நீங்க சொன்னா சரிதான்," என்றது அடுக்களை.