கடைசியாக இறங்குகிறவள்

மணல் பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு ஆர்டன் நிமிர்ந்தான். யார் முதலில் இறங்குவது, யார் கடைசி என்று அவன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கோராவுக்குப் பயமாக இருந்தது. எதிரே இருந்த பள்ளத்தைப் பார்த்து அல்ல, பக்கத்தில் நின்ற பிரின்லியைப் பார்த்து.

பிரின்லி இந்த வருஷம்தான் இவர்களோடு இறங்க வரத் தொடங்கியவள். ஈர உடையோடு தராசில் நிறுத்தாலும் ஓர் ஆட்டுக்குட்டியின் கனம்தான் இருப்பாள். காலையிலிருந்து ஆர்டன் அடித்த சப்பை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள். அத்தனையும் கோரா அவனைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதிலேயே கேட்டுச் சிரித்து முடித்தவை.

கோடை வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் 'கழுதைத் தொண்டை' மலை இடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் மூவரும் வந்திருந்தார்கள். மண் பாதையில் எதுவரை வண்டி போகும், எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு நீளக் கயிறு வேண்டும், எல்லாவற்றையும் ஆர்டன் தன் இணையப் பக்கத்தில் எழுதுவான். யூட்டாவின் மலை இடுக்குகளில் இறங்குகிறவர்கள் அதைப் படிக்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள்.

இந்தக் கடைசி இறக்கத்தின் தலையில் முன்பு ஒரு மரத்துண்டு சிக்கிக்கொண்டு கிடந்தது. அதில்தான் கயிறு கட்டுவார்கள். வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பாறையில் ஆணி அடிப்பது இவர்களுக்குப் பாவம். அதனால் மணல் பை. பை நிறைய மணல், பையில் கயிறு, அவ்வளவுதான். எல்லோரும் இறங்கிய பிறகு கீழேயிருந்து இன்னொரு கயிற்றைச் சுண்டினால் பை கவிழ்ந்து, மணலைக் கொட்டிவிட்டுக் கூடவே வந்துவிடும்.

பை வழுக்கினால் என்ன செய்வது? மேலே இருப்பவர் தன்னையும் பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பாறையில் காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார். கடைசி ஆளுக்குத்தான் பிடிக்க யாரும் இல்லை.

அதனால் கனமானவர் முதலில், லேசானவர் கடைசியில். ஆர்டனே ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் இதைத் தவறாமல் எழுதுவான்.

இத்தனை வருஷமாக அந்தக் கடைசி இடம் கோராவுடையது. கேட்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அவளுக்கோ அதில் அப்படி ஒரு பெருமை. அவள் கால் தரையில் படும்வரை ஆர்டன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். வீட்டில்கூட அவளை அவன் அப்படிப் பார்ப்பதில்லை.

இன்று அந்தப் பார்வை பிரின்லிக்குப் போகப்போகிறது என்று கோரா வழி நெடுக வெந்துகொண்டு வந்தாள்.

"நான் முதல்ல போறேன். அப்புறம் பிரின்லி. கோரா, வழக்கம்போல நீ கடைசி" என்றான் ஆர்டன்.

கோராவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"நான்தானே லேசு? நான் கடைசியா வரட்டுமா?" என்றாள் பிரின்லி.

"ஆசைப்பட்டா எல்லாம் உடனே கெடச்சிடுமாம்மா? இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்" என்று ஆர்டனை முந்திக்கொண்டு சொன்னாள் கோரா. குரலில் தேன் சொட்டியது.

ஆர்டன் கயிற்றை மாட்டிக்கொண்டான்.

அவன் இறங்கும்போது இரண்டு பெண்களும் தோளோடு தோள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். அவன் பாரம் விழுந்ததும் பை விரற்கடை தூரம் நகர்ந்து, பிறகு நின்றது.

அடுத்து பிரின்லி விளிம்பைத் தாண்டினாள். கோரா மட்டும் குதிகாலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடலாமா என்று நினைக்கிற அளவுக்கு அவள் கெட்டவள் இல்லை. போ, போய்க் கீழே நின்று பார், அவன் யாரை அண்ணாந்து பார்க்கிறான் என்று உனக்கே தெரியும் என்றுதான் நினைத்தாள்.

கீழேயிருந்து ஆர்டனின் குரல் வந்தது. மெதுவாகத்தான் பேசினான். ஆனால் இடுக்கில் எல்லாம் கேட்கும்.

"பயப்படாத. மேல கோரா பிடிச்சிருக்கா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

கயிறு தளர்ந்தது. பிரின்லி தரையைத் தொட்டுவிட்டாள்.

கோரா பையிலிருந்து தன்னை அவிழ்த்துக்கொண்டு, இறங்கும் கயிற்றை இடுப்பில் மாட்டி விளிம்புக்கு வந்தாள். பை நகர்ந்த தடம் மணலில் அப்படியே இருந்தது. இனி அது நகர்ந்தால் நகர்ந்ததுதான்.

எட்டிப் பார்த்தாள். ஆர்டன் பிரின்லியின் தலைக்கவசத்தின் பட்டையைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

"வர்றேன்" என்று கத்தினாள்.

சரி என்பதுபோல அவன் ஒரு கையை மட்டும் தூக்கினான்.

கோராவுக்கு மார்வாவின் ஞாபகம் வந்தது. மார்வா ஆர்டனின் முதல் மனைவி. கோரா முதன்முதலாக இவர்களோடு வந்த நாளில், இதேபோல ஒரு மணல் பையின் பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டவள். எல்லோருக்கும் பிறகு இறங்கி வந்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டிவரை நடந்தாள். களைப்பாக இருக்கும் என்று கோரா நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த இரண்டு பேரில் லேசானவள் கோராதான்.