துவைகல்லுக்கு அடியில் சோப்பு

ஊரெல்லாம் கொரோனா. அம்மாவின் கை விடிந்ததிலிருந்து தன்னைக் கழுவிக்கொண்டே இருந்தது.

“தோலெல்லாம் வெடிச்சிருச்சே அக்கா! நான் தேயலாம், நீங்களுமா தேயணும்?” என்றது சோப்பு.

“இன்னும் ஒரே தடவை. கிருமி ஒட்டியிருந்தா பாப்பாவை எப்படித் தொடுவேன்?” என்றது கை.

“இதையேதான் காலையிலிருந்து சொல்றீங்க. தொட்டில்ல பாப்பாவுக்கு அழுதழுது தொண்டையே கட்டிருச்சு.”

கை மறுபடியும் சோப்பை எடுத்தது. சோப்பு துள்ளிப்போய்த் துவைகல்லுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

தேடிப் பார்த்த கை, அழுகை பொறுக்காமல் ஈரத்தை உதறிவிட்டுப் பாப்பாவைத் தூக்கியது. பாப்பா அந்த வெடித்த விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனது.

மறுநாள் கை துவைகல்லுக்கு அடியிலிருந்து சோப்பைத் தேடி எடுத்து, ஒரே தடவை கழுவிவிட்டு, அதைத் தண்ணீர் படாத இடத்தில் வைத்தது.

“நேத்து வழுக்கினியே, மகராசி, நல்லாயிருப்பே!”

“நான் எங்கே வழுக்கினேன்? எல்லாம் ஈரத்தோட வேலை அக்கா” என்றது சோப்பு, நுரைக்குள் சிரித்துக்கொண்டே.