அரை நாள் லீவு

முகமூடி அணிந்து பாடும் அந்த நால்வர் குழு, பதினோரு வருட இடைவெளிக்குப் பிறகு புது ஆல்பத்தோடு அன்று மாலை மேடையேறுகிறது. மேனேஜருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

தபால் பிரிவு அம்மா தயங்கியபடி உள்ளே வந்தார். “சார், அரை நாள் லீவு வேணும். ஆல்பம் விழாவுக்குப் போகணும்.”

“அடடே, நீங்களுமா? நானும் டிக்கெட் எடுத்துட்டேனே! ரெண்டு பேரும் கிளம்பிட்டா ஆபீஸை யாரும்மா பாத்துக்கறது? நாளைக்கு ஒண்ணுவிடாம சொல்றேன்.”

“நான் கட்டாயம் போகணும் சார்.”

“பழைய பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்னைவிடப் பெரிய ரசிகையா நீங்க?”

“ரசிகை இல்ல சார். முதல் பாட்டே நான்தான் பாடணும்.”

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு பாய்ந்து கார் சாவியை எடுத்தார்.

“வாங்கம்மா, நானே கொண்டுபோய் விடறேன். ஆபீஸ் கிடக்கட்டும்!”